புக் இல்லாத வண்டி



இந்த மாதத்துக்கென்று வேறொரு செய்தி எழுதி வைத்திருந்தேன். நல்ல செய்திதான். ஆனால் மூன்று வாரமாய் முழங்காலில் நிற்கும்போதெல்லாம் ஆவியானவர் இதையே உணர்த்தினபடியால், அதை மடித்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். வாலிபத் தம்பிமார் கட்டாயம் வாசிக்கவேண்டும். பெற்றோர் அவர்களுக்கு முன்னே வாசிக்கவேண்டும்.

நடந்தது இதுதான். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, நம் சபைச் சகோதரர் ஒருவர் ஒரு வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.) பழைய ஆர்.எக்ஸ். 100. கறுப்பு பெயிண்ட் புதிதாய் அடித்து, டேங்க் கண்ணாடிபோல் மின்னியது. "பாஸ்டர், பையன் டென்த் பாஸ் பண்ணிட்டான். அவனுக்குத்தான். எண்ணெய் பூசி ஜெபம் பண்ணிக் குடுங்க" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். நானும் எண்ணெய்க் குப்பியை எடுக்கத் திரும்பினவன், வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வசன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. முன்னாலே அதுவும் இல்லை.

"புக் எங்கே பிரதர்?"

"புக் இல்லாத வண்டி பாஸ்டர், அதான் கொறைஞ்ச வெலை. மலைக்குள்ளேயேதானே ஓட்டப்போறான், கீழே எறங்கமாட்டான். இங்க எந்த போலீஸ் வரப்போறான்?"

நான் ஜெபிக்க முடியாது என்றேன். அத்தனை பேர் முன்னாலே சொன்னது தப்போ என்று இப்போது தோன்றுகிறது. தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் முகம் வாடிப்போனது. ஆனால் என் நெஞ்சில் குத்தினது அது அல்ல. அந்தப் பையன் பக்கத்தில் இருந்த சிநேகிதனிடம் மெதுவாய்ச் சொன்னான்: "பாஸ்டரே இப்படி ஓட்டினவர்தானே. கேம்ப்ல அவரே சொன்னாரே."

பிரியமானவர்களே, பையன் சொன்னது உண்மை.

வாலிபர் முகாமில் நான் சாட்சி சொன்னதை அங்கிருந்த நாற்பது பேரும் நன்றாய் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1998-ம் வருஷம், எனக்கு 17 வயது. அப்பாவுக்கு வாணியம்பாடியில் ஒரு டேனரியில் வேலை. பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகச் சும்மா இருந்த காலம். எங்கள் தெருவில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தார். சென்னை புதுப்பேட்டையில் வாங்கின இன்ஜின் ஒன்று, எங்கேயோ கிடைத்த சேஸ் ஒன்று, இன்னொரு வண்டியின் டேங்க் என்று ஒட்டுப்போட்டு ஒரு வண்டி செய்து வைத்திருந்தார். டேக்ஸ் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை, புக் இல்லை, நம்பர் இல்லை. பெட்ரோல் நாங்கள் போட்டால் ஞாயிற்றுக்கிழமையில் சாவியைக் கொடுப்பார். மூன்று பேர் ஏறுவோம். ஹாரன் கிடையாது, நடுவில் உட்கார்ந்தவன் வாயாலே அடிப்பான். ஒருமுறை போலீஸ்காரர் கை காட்ட, நாங்கள் பாலாற்று மணலில் வண்டியை இறக்கி, சக்கரம் புதைந்து, மூன்று பேரும் வண்டியைத் தோளில் தூக்காத குறையாய் அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம். இதைச் சொன்னபோது முகாமில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியில் "கர்த்தர் என்னைக் காப்பாற்றினார், அல்லேலூயா" என்று முடித்தேன்.

என்னைக் காப்பாற்றினார், சரி. மற்றவர் ஒருவர் இருந்தார். அவரைப்பற்றி நான் சொல்லவில்லை.

அதே 1998, மே மாதக் கடைசி. புங்கனூர் ஏரியைப் பார்த்துவிட்டு, இருட்டினபிறகு மலை இறங்கினோம். ஓட்டினது நான். பெட்ரோல் குறைவாய் இருந்தது. ஏலகிரி ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவு என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் புலவர்கள் பேரும் வள்ளல்கள் பேரும் வைத்திருக்கிறார்கள். இறக்கம்தானே என்று இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் விட்டேன். அந்த வண்டியில் பேட்டரி கிடையாது. இன்ஜின் சுற்றினால்தான் லைட் எரியும். அணைத்தால் லைட்டும் இல்லை, சத்தமும் இல்லை. கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் விட்டால் முழு பாரமும் பிரேக் மேல்தான். மூன்று பேர் பாரம், பத்து வளைவு, பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் ட்ரம் சூடேறி, பிரேக் ஷூ பிடிக்காமல் வழுக்க ஆரம்பித்துவிடும். இது இன்றைக்கு எனக்குத் தெரியும். தினமும் இந்த மலையிலிருந்து ஷூ கம்பெனி வேலைக்கு இறங்கி ஏறுகிறவன் நான். அன்றைக்குத் தெரியாது. (ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். இதை மட்டும் எல்லாரும் நினைவில் வையுங்கள்.)

அடிவாரம் நெருங்குகிற ஒரு வளைவில், ஒரு பெரியவர் தலையில் பலாப்பழம் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். நாங்கள் வருவது அவருக்குக் கேட்கவும் இல்லை, தெரியவும் இல்லை. நான் அவரைப் பார்த்தபோது அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

பழம் ரோட்டில் பிளந்து கிடந்தது. அந்த வாசனை எனக்கு இன்றைக்கும் ஆகாது. பலாப்பழ சீசனில் என் வீட்டில் வாங்கமாட்டோம், என் பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாமல் இருந்தது. பெரியவர் ஒரு பக்கமாய் விழுந்து கிடந்தார். "யார்ரா பசங்களா, கொஞ்சம் தூக்கி வுட்டுட்டுப் போங்கடா" என்றார். திட்டவில்லை. அவ்வளவுதான் கேட்டார்.

நாங்கள் எங்கள் வண்டியைத்தான் தூக்கினோம். இறக்கத்தில் தள்ளி ஸ்டார்ட் பண்ணி, பொன்னேரி வழியாய் வந்துவிட்டோம். வழியில் நான் அழுதேன். பின்னாலிருந்த சிநேகிதன் சொன்னான்: "ஏன்டா பயப்படறே? நம்பரே இல்லாத வண்டி. எவனுக்கு இன்னா தெரியும்?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இந்தச் செய்தியை எழுதுகிறேன்.

அதுவரை நம்பர் போர்டு என்பது போலீஸுக்காக என்றுதான் நினைத்திருந்தோம். அன்றைக்குத்தான் தெரிந்தது. நம்பர் இருக்கிறது ரோட்டில் விழுந்து கிடக்கிறவனுக்காக. யார் என்னை இடித்தது என்று அவன் கேட்டால், அதற்குப் பதில் அந்தத் தகரத்தில் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு வண்டி எடுக்கிறவன், 'நான் யாரையாவது இடித்தால் நிற்கமாட்டேன்' என்று புறப்படும்போதே தீர்மானம் பண்ணிவிட்டுத்தான் எடுக்கிறான். அவன் வாயால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டான்; நானும் சொல்லவில்லை. ஆனால் சமயம் வந்தபோது அந்தத் தீர்மானம் தயாராய் இருந்தது.

2002-ல் ஒரு உபவாசக் கூட்டத்தில் கர்த்தர் என்னைச் சந்தித்தார். எழுந்து நின்று பாவ அறிக்கை செய்தேன். பீடி குடித்ததைச் சொன்னேன், சினிமாவைச் சொன்னேன், அப்பா சட்டைப்பையில் எடுத்ததைச் சொன்னேன். பலாப்பழத்தைச் சொல்லவில்லை. ஞானஸ்நானமும் எடுத்தேன். பிறகு வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படிக்கும்போது, 2006-ல், லூக்கா 19-ம் அதிகாரம் நடந்தது. சகேயு மரத்தைவிட்டு இறங்கி, அநியாயமாய் வாங்கினதை நாலு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்கிறான். இரட்சிப்பு இந்த வீட்டுக்கு வந்தது என்று ஆண்டவர் சொன்னது அதற்குப் பிறகு. வகுப்பில் எல்லாரும் நோட்ஸ் எழுதினார்கள். எனக்குக் கை ஓடவில்லை.

மூத்த பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை. "எப்போ போலாம்?" என்று மட்டும் கேட்டார். சேர்த்து வைத்திருந்த 6,000 ரூபாயை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மலைக்கு பஸ் ஏறினோம். விசாரித்ததில் அந்தப் பெரியவரின் கிராமம் கிடைத்தது. கம்பு ஊன்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் ஒரு பால் வண்டிக்காரர்தான் அவரைப் பார்த்து திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். இராமுழுவதும் ரோட்டோரத்தில் கிடந்திருக்கிறார். தொடை எலும்பு கோணலாய்க் கூடிவிட்டது.

நான் காலில் விழுந்து சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"வண்டி நம்பர் இன்னான்னு கேட்டாங்க தம்பி. நம்பர் இல்ல, லைட்டும் இல்ல, சத்தமும் இல்லன்னேன். ஒருத்தனும் நம்பல. குடிச்சிட்டு தானா வுழுந்துட்டான்னு எழுதிட்டாங்க. எட்டு வருசமா எனக்குக் குடிகாரன்னு பேரு. நான் குடிச்சதே இல்லன்னு சொல்லமாட்டேன். அன்னிக்குக் குடிக்கல."

பாருங்கள் சபையே. காலை ஒடித்ததோடு நிற்கவில்லை. அவருடைய சத்தியத்தையும் எடுத்துக்கொண்டுபோய்விட்டோம். இடித்த வண்டி எதுவென்று தெரியாமல் போனால், அடிபட்டவருக்கு அரசாங்கமே இழப்பீடு தருகிற ஏற்பாடு அப்போதும் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 161-ம் பிரிவு. அந்நாளில் கொடுங்காயத்துக்கு 12,500 ரூபாய், உயிர் போனால் 25,000. வண்டியே இல்லை, தானாய் விழுந்தான் என்று எழுதினபிறகு அதையும் அவர் எப்படிக் கேட்பார்? (2022 ஏப்ரல் முதல் அது 50,000, இரண்டு லட்சம் என்று உயர்ந்திருக்கிறது. தாசில்தார், கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கவேண்டும். நம் ஜனங்களில் அநேகருக்கு இது தெரியாது. உங்கள் உறவில் அப்படி யாராவது இருந்தால் என்னிடம் வாருங்கள், கூடவே வருகிறேன்.)

பணத்தை நீட்டினேன். "குடு, வேணாம்னு சொல்லமாட்டேன்" என்று வாங்கிக்கொண்டார். "ஆனா டீக்கடையாண்ட வந்து சொல்லு" என்றார்.

சொன்னேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எழுந்து என் சட்டையைப் பிடித்தார். அவர் பெரியவரின் மகன். பெரியவர் உடனே தடுத்தார் என்று நினைக்காதிருங்கள். கையிலிருந்த டீயை நிதானமாய்க் குடித்து முடித்து, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் "வுட்ரா" என்றார். அதற்கப்புறம் அவர் இரட்சிக்கப்பட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. என்னைக் கண்டால் தலையசைப்பார். 2011-ல் காலமானார். அந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இந்தக் கதை தெரியும். நம் சபை வாலிபருக்குத் தெரியாது. ஏனென்றால் நான் அவர்களுக்குச் சிரிப்புள்ள பாதியை மட்டும் கொடுத்தேன்.

உபாகமம் 21-ம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். வயல்வெளியில் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான், கொன்றவன் யாரென்று தெரியவில்லை. அப்போது என்ன செய்யவேண்டும் என்கிறது நியாயப்பிரமாணம்? மூப்பர்கள் வந்து, பிணம் கிடக்கிற இடத்திலிருந்து சுற்றிலும் உள்ள ஊர்களுக்கு அளவு பிடிக்கவேண்டும். எந்த ஊர் கிட்ட இருக்கிறதோ, அந்த ஊரார் தேவனுக்கு முன்பாக நின்று பதில் சொல்லவேண்டும். இடித்துவிட்டு ஓடின கேஸ்தானே இது! 'யாரோ செய்தான்' என்று தேவன் விடுகிறதில்லை. அந்தப் பெரியவர் விழுந்த இடத்திலிருந்து அளவு நூல் பிடித்தால் அது என் வாசலில் வந்து நின்றிருக்கும்.

பெற்றோரே, உங்களுக்கு யாத்திராகமம் 21. ஒருவனுடைய மாடு முட்டுகிற மாடு. அது அவனுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் கட்டி வைக்கவில்லை. அது மனிதனைக் கொன்றால் குற்றம் மாட்டோடு நிற்காமல் மாட்டுக்காரன்மேலும் வருகிறது. நம் தேசத்துச் சட்டமும் 2019 செப்டம்பரிலிருந்து இதையே சொல்லுகிறது. 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் தகப்பன் அல்லது வண்டிச் சொந்தக்காரன் குற்றவாளி. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 16 வயதில் 50 சி.சி.க்குள்தான் ஓட்டலாம், ஆர்.எக்ஸ். 100-க்கு அதைப்போல் இரண்டு மடங்கு. பதிவில்லாத வண்டிக்குத் தனி அபராதம், முதல் தடவையே 2,000-லிருந்து 5,000 வரை. 'மலைக்குள்ளேதானே' என்கிறதும் நிற்காது. ஜனங்கள் நடமாட உரிமையுள்ள எந்த வழியும் சட்டத்துக்குப் பொது இடம்தான். அந்தப் பெரியவரும் மலைக்குள்ளேதான் நடந்துகொண்டிருந்தார்.

ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம். 2024 மே 19, புனே பட்டணம், கல்யாணி நகர். கோடி ரூபாய்க்குமேல் விலையுள்ள போர்ஷே கார். ஓட்டினவனுக்கு 17 வயது. நான் மலை இறங்கின அதே வயது. அந்தக் காரில் நம்பர் பிளேட் இல்லை. பதிவுக் கட்டணம் 1,758 ரூபாய் கட்டாததால் நிரந்தரப் பதிவு முடியாமல் கிடந்தது என்று போக்குவரத்துத் துறையினர் சொன்னார்கள். மோட்டார் சைக்கிளில் போன இரண்டு இளம் என்ஜினியர்கள் அதிகாலையில் செத்துப்போனார்கள். அந்தப் பையனின் ரத்த மாதிரியை மாற்றிவிட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்து, பெற்றோரும் மருத்துவர்களும் கைதானார்கள். நம்பரை மறைத்தால் போதாதென்று ரத்தத்தையும் மறைக்கப் பார்த்தார்கள் என்பதுதான் வழக்கு. தீர்ப்பு நீதிமன்றத்துக்குரியது. ஆனால் அந்தச் செய்தியை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் ரோட்டிலேயே இன்னொன்று. ஆம்பூர், வாணியம்பாடி வழியாய்ப் போகிற இதே தேசிய நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் பக்கம் பாலுசெட்டி சத்திரத்தில், 2023 செப்டம்பர் 17 அன்று யூடியூபர் டி.டி.எஃப். வாசன் முன்சக்கரத்தைத் தூக்கி வீலிங் செய்யப்போய்த் தூக்கி எறியப்பட்டார். கை எலும்பு முறிந்தது. கைது, 10 வருஷத்துக்கு லைசென்ஸ் ரத்து. அவர் வண்டிக்கு நம்பர் இல்லாமலில்லை, அவர் யாரென்று லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குத் தெரியும். அவரைப்பற்றிக் கடினமாய்ப் பேச எனக்கு வாய் வரவில்லை. அவர் செல்போனில் லட்சம் பேருக்குக் காட்டினதை நான் முகாமில் மைக் பிடித்து நாற்பது பேருக்குக் காட்டினேன். அளவுதான் வித்தியாசம்.

தம்பிமாரே, முகாமில் நீங்கள் சிரித்த அந்தச் சாட்சியை இதன்மூலம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அதை இனி யாரிடமும் சொல்லாதிருங்கள். சொன்னால் முழுவதையும் சொல்லுங்கள், பலாப்பழத்தோடு.

அந்த ஆர்.எக்ஸ். 100 என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சகோதரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. புதன்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்தார். "பாஸ்டர், புக் எடுக்க முடியுமான்னு பாக்கலாம்" என்றார். டார்ச் அடித்து, ஹேண்டில்பாருக்குக் கீழே சேஸ் நம்பர் பார்த்தோம். புது பெயிண்டுக்கு அடியில் அந்த இடம் அரம்போட்டு ராவியிருந்தது. எந்த வீட்டு வாசலிலிருந்து போன வண்டியோ! அந்த வீட்டாரும் அதைத் தேடி எத்தனை நாள் அலைந்தார்களோ. இரண்டு பேரும் பேசாமல் கொஞ்சநேரம் நின்றோம். மறுநாள் காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய் ஸ்டேஷனில் ஒப்படைத்து, யாரிடம் வாங்கினது என்று எழுதிக் கொடுத்தார். கொடுத்த 18,000 ரூபாய் போனதுதான். அதில் பாதி கூட்டுறவு பேங்க் கடன். சபையில் யாரும் அவரை இதற்காக ஒரு வார்த்தையும் சொல்லவேண்டாம். நான் எட்டு வருஷம் செய்யாததை அவர் எட்டு நாளில் செய்தார்.

பையன் வாலிபர் கூடுகைக்கு இரண்டு வாரமாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தனாவூர் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். பக்கத்தில் போய் நின்றேன். அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை. பஸ் வந்ததும் அவன் பின்படியில் ஏறினான், நான் முன்படியில் ஏறினேன். இந்த இதழை அவன் வீட்டில் நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். அவனுக்காக ஜெபியுங்கள்.